விடுமுறைக்கு எங்கே தங்கலாம்?

ஏப்ரல் பிறந்து பள்ளித் தேர்வுகள் முடியும் நாள் நெருங்கிவிட்டால், பங்கு இல்லத்துக்கு வருவோரின் பேச்சு மாறிவிடுகிறது. திருமண அறிக்கை, ஞானஸ்நானச் சான்றிதழ், கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவர் ஆகியவற்றுக்கு நடுவே, "சாமி, பிள்ளைகளை எங்கேயாவது அழைத்துப் போக வேண்டும். தங்குவதற்கு நல்ல இடமாகச் சொல்லுங்கள்" என்ற கேள்வியும் வந்து சேருகிறது. நான் குருப்பட்டம் பெற்ற புதிதில் இக்கேள்வியை எவரும் என்னிடம் கேட்டதாக நினைவில்லை. அன்று கோடை விடுமுறை என்றால் பாட்டி வீடு, தவறினால் வேளாங்கண்ணி. பாய் விரிக்க இடம் கிடைத்தால் போதும். இன்று நம் ஊர்களிலிருந்து ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் தொழிற்சாலை வேலைக்குச் செல்லும் இளங்குடும்பங்களின் கையில் சிறிது பணம் இருக்கிறது. கைப்பேசியைத் திறந்தால் நீச்சல் குளமும் கண்ணாடி மாடமும் வெண்ணிற மெத்தையும் தெரிகின்றன. ஆசை பிறப்பதில் குற்றமில்லை. ஓய்வு செல்வர்க்கு மட்டும் உரியதென்று எந்த ஞானோபதேசத்திலும் எழுதியிருக்கவில்லை.

ஆயினும் இக்கேள்விக்கு விடை கூறுமுன் நான் சற்றுத் தயங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. கூரத்தை அடுத்த ஊர் ஒன்றில் வாழும் ஒரு குடும்பம், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மலை வாசத்தலத்துக்குச் சென்று வந்தது. கணவர், மனைவி, பிள்ளைகள் இருவர், கணவரின் வயது முதிர்ந்த தாயார். (அவர்களுடைய இசைவோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்றார்கள்.) படத்தில் கண்டு மயங்கிய ஒரு விடுதியில் மூன்று இரவுகளுக்கு முன்பணம் கட்டியிருந்தார் கணவர். அதற்காக மனைவியின் கைவளை இரண்டு அடகுக்குப் போயிருந்தது. போய்ச் சேர்ந்த அன்றே தெரிந்தது, அறைக்குக் கட்டிய பணத்தில் காலைச் சிற்றுண்டிகூட அடங்கவில்லை என்று. அங்குள்ள உணவுச்சாலையில் ஐவர் ஒரு வேளை உண்ட கணக்கைப் பார்த்தவுடன் அந்த அம்மாள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். முன்யோசனையாகப் பெட்டிக்குள் வைத்திருந்த மின்சாரச் சோற்றுக் குக்கரை எடுத்துக் குளியலறையில் வைத்துச் சமைக்கத் தொடங்கினார். இரண்டாம் நாள் மின்இணைப்பு தடைப்பட்டது, விடுதியார் வந்து பார்த்தனர், அபராதம் விதித்தனர். பிள்ளைகள் நீச்சல் குளத்தில் மகிழ்ந்தார்கள். பாட்டியம்மாள் மாடியேற முடியாமல் வரவேற்புக் கூடத்தின் நாற்காலியிலேயே பொழுதைக் கழித்தார். திரும்பி வந்தபின் அந்த மருமகள் என்னிடம் சொன்ன ஒரே வாக்கியம் இது: "மலைக்குப் போயும் நான் பார்த்தது குளியலறைச் சுவரைத்தான் சாமி."

இவ்வாக்கியம் நெடுநாள் என் உள்ளத்தை உறுத்திக்கொண்டிருந்தது. நல்ல தங்குமிடம் எது என்று அறுதியிட்டுச் சொல்ல ஓர் அளவுகோல் வேண்டுமே! அதைத் தேடி நான் நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை. கூரத்திலேயே அது இருக்கிறது.

காஞ்சிபுரத்தை அடுத்த இச்சிற்றூரின் பெருமையை அக்கம்பக்கத்தாரே முழுதும் அறியார். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன், இங்கே வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம் என்ற சிவன் கோயிலுக்கு விட்ட அறக்கொடையைக் கூறும் செப்பேடுகள் கிடைத்துள்ளன. ஒரு பகுதி வடமொழியிலும் ஒரு பகுதி தமிழிலும் அமைந்தவை. பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால்வாய் வெட்டி, பரமேசுவர தடாகம் என்னும் ஏரிக்கு நீர் கொணர்ந்த செய்தியும் அவற்றில் உண்டு. கூரத்தில் கிடைத்த பல்லவர் காலத்து நடராசர் செப்புத் திருமேனி இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிள்ளைகளோடு சென்னைக்குச் செல்வோர் கடற்கரைக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணியை இதற்கு ஒதுக்கலாம். நிற்க.

அச்செப்பேட்டில் என் கருத்தைக் கவர்ந்தது ஒரு சிறு ஏற்பாடு. கொடையாக விடப்பட்ட ஊரின் நிலவருவாயை 25 பங்காகப் பிரித்து, இன்னின்னார்க்கு இவ்வளவு என்று மன்னன் விதித்திருக்கிறான். இருபது பங்கு மறையோர்க்கு. மூன்று பங்கு வழிபாட்டையும் கோயிற் பணியையும் கவனிப்போர்க்கு. எஞ்சிய இரண்டில் ஒன்று மண்டபத்துக்குத் தண்ணீரும் தீயும் தருவோர்க்கு. மற்றொன்று அதே மண்டபத்தில் பாரதம் வாசிப்போர்க்கு. வழிபாட்டுக்கு வந்தவனும் வழிப்போக்கனும் வந்து அமரும் கூடம் அது. அவனுக்கு என்ன வேண்டும் என்பதைப் பல்லவன் எவ்வளவு தெளிவாகக் கண்டிருக்கிறான், பாருங்கள்! குடிக்கவும் கால் கழுவவும் தண்ணீர். இருளை ஓட்டவும் குளிரைத் தணிக்கவும் தீ. மாலையில் உட்கார்ந்து கேட்க ஒரு கதை. கண்ணாடி மாடத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இன்னும் ஒன்றை நோக்குங்கள். தண்ணீரும் தீயும் தாமே வந்துவிடுவதில்லை. அவற்றைச் சுமப்பவர் ஒருவர் உண்டு. அவருக்கும் ஒரு பங்கு உண்டு. நம் வீடுகளில் ஆண்டு முழுவதும் தண்ணீரையும் தீயையும் சுமப்பவர் யார்? அவருக்கு எந்தச் செப்பேட்டிலே பங்கு எழுதினோம்?

ஆகவே, விடுமுறைத் தங்குமிடத்தைப் பற்றி என்னிடம் வருவோரை நான் முதலில் கேட்பது இதுதான்: அங்கே உங்கள் வீட்டு அடுப்பு அணையுமா? அணையுமென்றால் அது ஓலைக் குடிசையானாலும் நல்ல விடுதி. அணையாதென்றால் அரண்மனையானாலும் அந்த அம்மாளுக்கு அது மற்றுமொரு சமையலறைதான்.

கூரம் தரும் மற்றொரு பாடம் வைணவ மரபில் வழங்கும் ஒரு வரலாறு. இராமானுசரின் முதன்மைச் சீடராகிய கூரத்தாழ்வான் இவ்வூர்ச் செல்வர். நாள்தோறும் வந்தவர்க்கெல்லாம் உணவிட்டு, இரவில் அவர் மாளிகைக் கதவை அடைக்கும் ஓசை காஞ்சிக் கோயில் வரை கேட்குமாம். பின்னர் அவ்வளவு செல்வத்தையும் துறந்து, மனைவி ஆண்டாளோடு திருவரங்கத்துக்குக் கால்நடையாகப் புறப்பட்டார். காட்டு வழியில் அந்த அம்மையார் அஞ்சினார். மடியில் ஏதேனும் வைத்திருக்கிறாயோ என்று கணவர் வினவ, அவர் உண்பதற்கென்று எடுத்துவந்த பொன் வட்டில் ஒன்று வெளிப்பட்டது. அதை வாங்கி வீசி எறிந்துவிட்டு, இனி அச்சமில்லை, வா என்று நடந்தாராம். மூன்று நாள் பயணத்துக்குத் திருமண நகைகள் அனைத்தையும் அணிந்துகொண்டு புறப்பட்டு, விடுதி அறையில் விட்டுப் போகவும் முடியாமல், அணிந்துகொண்டு அருவியில் குளிக்கவும் முடியாமல் தவிக்கும் நம் சகோதரிகளுக்கு இக்கதையை நான் தவறாமல் சொல்வதுண்டு. நகை வீட்டிலும் இருக்க வேண்டாம், மடியிலும் இருக்க வேண்டாம். வங்கிப் பெட்டகத்தில் இருக்கட்டும். பொன் வட்டிலுக்குப் பதிலாக ஆளுக்கோர் எவர்சில்வர் குடிநீர்க் குவளை எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பிளாஸ்டிக் குடிநீர்ப் புட்டிகளுக்குத் தடை நடைமுறையில் இருப்பதால் அது பொன்னைவிட உதவும். நீலகிரி மாவட்டத்தில் சாலையோரங்களில் குடிநீர் வழங்கும் பொறிகளை நிறுவியிருக்கிறார்கள்; குவளையை நீட்டினால் நிரம்பும்.

விருந்தினருக்கென்று தனி அடுப்பு என்னும் எண்ணம் நம் திருச்சபையின் மரபிலும் தொன்மையானது. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் மடங்களுக்கு வகுத்த ஒழுங்கில் 53-ஆம் அதிகாரம் முழுவதும் விருந்தினரைப் பற்றியதே. மடத்தில் விருந்தினர் இல்லாத நாள் இராது, அவர்கள் வேளை கெட்ட வேளையில் வருவார்கள், ஆதலால் அவர்களுக்குச் சமைக்கும் இடம் தனியே இருக்க வேண்டும், அங்கே பணிபுரிவோர்க்குத் தேவைப்பட்டால் துணையாளும் தர வேண்டும் என்கிறார் அவர். ஐரோப்பாவின் பல ஆசீர்வாதப்பர் மடங்களில் இன்றும் பயணிகளுக்கு அறை உண்டு.

நம் நாட்டிலோ சத்திரங்கள். தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவர யாத்திரை வழியில் கட்டிய சத்திரங்களில் ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் புகழ்பெற்றது. இச்சத்திரங்களைத் தம் மேற்பார்வையிலிருந்து பிரிக்கலாகாது என்று வேண்டி இரண்டாம் சரபோசி மன்னர் 1801-இல் ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு எழுதிய கடிதத்தைப் படிப்போர்க்கு வியப்பு மேலிடும். சாதி வேறுபாடின்றி வழிப்போக்கர் அனைவர்க்கும் சோறு, நள்ளிரவில் வருவோர்க்கும் உணவு, கைக்குழந்தைகளுக்குப் பால், நோயுற்றோர்க்கு மருத்துவர், வழியில் பேறுகாலம் வந்துற்ற பெண்களுக்குப் பராமரிப்பு. இன்றைய ஐந்து நட்சத்திர விடுதியின் பட்டியலில் இவற்றில் எத்தனை உண்டு?

சரி, இன்று செல்லத்தக்க இடங்களுக்கு வருவோம். கோடை என்றாலே மலை என்பது நம் நாட்டில் வேரூன்றிய எண்ணம். மலை விடுதிகளின் தோற்றம் இன்பத்துக்காக ஏற்பட்டதன்று என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். உதகையில் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1822-இல் கட்டத் தொடங்கிய கல் பங்களாதான் அங்கெழுந்த முதல் ஐரோப்பிய வீடு. கொடைக்கானலில் 1845-இல் முதல் இரண்டு வீடுகளைக் கட்டியோர் மதுரையில் பணியாற்றிய அமெரிக்கப் புரொட்டஸ்தாந்து மறைபரப்பாளர்கள். சமவெளியின் காய்ச்சலுக்கும் பேதிக்கும் மனைவி மக்களைப் பறிகொடுத்தவர்கள், எஞ்சியவர்களைக் காக்க மலை ஏறினார்கள். சுற்றுலாப் பயணிகள் இன்று படகு விடும் ஏரி, மதுரை ஆட்சியராயிருந்த வேர் லெவிஞ்சு 1863-இல் உண்டாக்கியது. நம்மவர்களும் பின்தங்கவில்லை. இயேசு சபையைச் சேர்ந்த லூயி சேன் சீர் அடிகளார் 1860-களில் எழுப்பிய சலேத் மாதா ஆலயம் இன்றும் அங்கே நிற்கிறது. செண்பகனூரில் இயேசு சபையார் 1895-இல் திரு இருதயக் கல்லூரியை நிறுவினார்கள். அதன் அருங்காட்சியகத்தில் பாடம்பண்ணிய உயிரினங்களையும் பழங்குடி மக்களின் பொருள்களையும் காணலாம். மழை பெய்து வெளியே நடமாட முடியாத பிற்பகலுக்கு அதைவிடச் சிறந்த புகலிடம் கொடைக்கானலில் இல்லை என்பது என் கருத்து.

இவ்விரு மலைகளிலும் செல்வர் தங்கும் பழம்பெரும் விடுதிகள் உண்டு. உதகையில் 1829-இலிருந்து தன் வயதைக் கணக்கிடும் சவாய், கொடை ஏரிக்கரையில் கார்ல்டன் ஆகியவை பெயர்பெற்றவை. கணப்படுப்பும் மரத்தரையும் பூந்தோட்டமும் அவற்றின் அழகு. நம்மில் பலர்க்கு அங்கே ஓர் இரவு தங்குவது ஒரு மாதச் சம்பளத்தைத் தின்றுவிடும். அதற்காக அவற்றின் வாயிலைக் கண்டு ஒதுங்க வேண்டியதில்லை. இத்தகைய பெருவிடுதிகள் பலவற்றில் வெளியார்க்கும் உணவுச்சாலை திறந்திருக்கிறது. திருமண நாளன்று கணவனும் மனைவியும் ஒரு மாலை அங்கே தேநீர் அருந்திவிட்டு எளிய இடத்துக்குத் திரும்பலாம். குடும்பத்தில் பெரியவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த இரண்டு மணி நேரம், மூன்று இரவு வாடகையைவிட மதிப்புள்ளது.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர் ஏறும் மலை இரயிலும் தங்குமிடத்தைப் போன்றதே. 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் ஓடத் தொடங்கிய அது, 2005-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. ஏறுவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. அந்த ஐந்து மணி நேரமும் குடும்பம் ஒரே பெட்டியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கும். இரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் அது 120 நாள். பழைய கணக்கை நம்பிச் சாம்பல் புதனன்றே போய் நிற்பவர்கள் இதைக் கருத்தில் கொள்க.

சொந்த ஊர்தியிலோ வாடகை ஊர்தியிலோ உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்வோர் இ-பாஸ் பெற வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டு, அது 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நாளொன்றுக்கு ஏறவிடும் வாகனங்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு விதித்தனர்: உதகைக்குச் சாதாரண நாளில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பேருந்தில் செல்வோர்க்கு இத்தொல்லை இல்லை. இந்த எண்ணிக்கையைக் கண்ட பிறகும் மே மாதத்துச் சனிக்கிழமையன்று அங்கே அமைதியைத் தேடிப் போவோரை என்னவென்று சொல்வது!

ஆதலால் நம் பகுதியினர்க்கு நான் பெரிதும் கூறுவது ஏலகிரியும் ஏற்காடும். காஞ்சியிலிருந்து வேலூர் நெடுஞ்சாலை வழியே வாணியம்பாடி கடந்தால் ஏலகிரி. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். இரயிலில் போவோர் ஜோலார்ப்பேட்டையில் இறங்கலாம். உதகையின் குளிர் இராது. ஆனால் மாலையில் மின்விசிறி வேண்டியிராது. சேலத்திலிருந்து இருபது வளைவுகள் ஏறினால் ஏற்காடு. காப்பித் தோட்டங்களுக்குள் அமைந்த பழைய வீடுகள் சிலவற்றில் தங்க இடம் தருகிறார்கள். இம்மலைகளில் துறவற சபையார் நடத்தும் இல்லங்களும் உள்ளன. தியானக் குழுக்கள் இல்லாத நாள்களில் குடும்பங்களை ஏற்கும் இல்லம் எது என்று உங்கள் பங்குக் குருவிடம் கேளுங்கள். மெத்தை சற்றுக் கடினமாகத்தான் இருக்கும்; வெந்நீர் குறித்த நேரத்துக்கு மட்டும் வரும்; இரவு ஒன்பதுக்குமேல் சத்தம் போடலாகாது. ஆனால் மணியடித்தால் சோறு வரும்.

கடலை விரும்புவோர்க்கு மாமல்லபுரம் அருகில் இருக்கிறது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கடற்கரை விடுதி முதல் தனியார் விடுதிகள் வரை எல்லாத் தரத்திலும் இடமுண்டு. அதற்கு வடக்கே கோவளத்தில், 1752-இல் கிளைவ் கைப்பற்றித் தகர்த்த கோட்டை நின்ற இடத்தில் 1974 முதல் தாஜ் குழுமத்தின் விடுதி நடக்கிறது. அருகிலேயே கார்மேல் மாதா ஆலயம். கடலைப் பார்த்தபடி அங்கே ஒரு மணி நேரம் அமர்ந்திருக்க வாடகை ஏதுமில்லை. கடலில் இறங்குவோர்க்கு மட்டும் ஒரு சொல்: முழங்கால் ஆழத்தோடு நின்றுவிடுங்கள். நம் கடற்கரையின் அடிநீரோட்டம் நீச்சல் அறிந்தவரையும் இழுத்துச் செல்லும். விடுமுறைக்குப் பின் அடக்கச் சடங்கு நிகழ்த்துவதைவிடக் கொடிய பணி ஒரு குருவுக்கு இல்லை.

புதுச்சேரிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த பகுதியிலும் தமிழர் தெருக்களிலும் உள்ள பழைய வீடுகளைப் புதுக்கி அழகிய விடுதிகளாக்கியிருக்கிறார்கள். திண்ணையும் முற்றமும் மாறாத வீட்டில் தங்குவது பிள்ளைகளுக்குப் புதுமையாயிருக்கும். அவர்களுடைய கொள்ளுப்பாட்டனார் அத்தகைய வீட்டில்தான் பிறந்தார் என்பது வேறு. வாடகை கூடுதல். குறைந்த செலவில் கடலைப் பார்த்துத் தங்க விரும்புவோர்க்கு அரவிந்த ஆசிரமத்தின் விருந்தினர் இல்லங்கள் உள்ளன. மதுவுக்கும் புகைக்கும் அங்கே இடமில்லை; இரவு குறித்த நேரத்தில் கதவை அடைத்துவிடுவார்கள். இதைக் குறையாகச் சொல்லும் ஆண்கள் உண்டு. பெண்கள் எவரும் குறை சொல்லிக் கேட்டதில்லை.

வேளாங்கண்ணிக்குச் செல்வோர் வழியில் ஓர் இரவு தரங்கம்பாடியில் தங்கலாமே. 1620-இல் டேனியர் கால் பதித்து, 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுப்போன ஊர் அது. டான்ஸ்போர்க் கோட்டை இன்னும் கடலைப் பார்த்து நிற்கிறது. ஆங்கிலேய ஆட்சியர் வாழ்ந்த கடலோர மாளிகையொன்று புதுப்பிக்கப்பட்டுத் தங்குமனையாகியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அவ்வூரைத் தாக்கிய பின்னர் மீனவர் வீடுகளோடு பழைய கட்டடங்கள் பலவும் சீரமைக்கப்பட்டன. அகன்ற தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு அமர்ந்தால், பாரதம் வாசித்த கூரத்து மண்டபம் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று தோன்றும். வேளாங்கண்ணியிலேயே திருத்தலத்தார் நடத்தும் இல்லங்களில் தங்குவோர், ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரையுள்ள திருவிழா நாள்களில் ஓய்வை எதிர்பார்க்க வேண்டாம். அது நேர்ச்சைக்கு உரிய காலம்.

அழகில் எல்லாவற்றையும் விஞ்சுவது செட்டிநாடு என்பேன். ஆனால் மே மாதத்தில் அங்கே போகாதீர்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பர்மாத் தேக்குத் தூண்கள், முட்டை வெண்கரு கலந்து பளிங்காக மெருகிட்ட சுவர்கள், ஆத்தங்குடித் தளவரிசை என நகரத்தார் கட்டிய மாளிகைகள் சில இன்று விடுதிகளாயுள்ளன. காரைக்குடியில் பங்களா, கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் ஆகியவை அவற்றுள் பெயர்பெற்றவை. பங்களாவில் வாழையிலை விருந்துக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பயணச் செலவைக் குறைத்தேனும் அந்த விருந்தை உண்ணலாம். நம் வீட்டுப் பெண்களுக்கு வேறொருத்தி இலைபோட்டுப் பரிமாறி, இன்னும் கொஞ்சம் என்று வற்புறுத்தும் காட்சியை நீங்கள் கண்டதுண்டா?

எங்கே போவதானாலும் சில விவரங்களைத் தொலைபேசியில் நேரே கேட்டுத் தெளிந்துகொள்வது நலம். படத்தை மட்டும் நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். விடுதிகளின் பெயரில் போலி இணையப் பக்கங்கள் நடத்தி ஏமாற்றுவோர் மலிந்துவிட்டனர். அறை வாடகையில் காலை உணவு அடக்கமா, வரி அடக்கமா என்று கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு வரி 5 விழுக்காடு, அதற்கு மேற்பட்டதற்கு 18. தண்ணீர் நாள் முழுவதும் வருமா என்று கேளுங்கள். கோடையில் மலையூர்களிலும் தண்ணீர்த் தட்டுப்பாடு உண்டு. முதியோர் இருந்தால் தரைத்தள அறை வேண்டுமென்று முன்பே சொல்லுங்கள். ஞாயிறு திருப்பலி எங்கே, எத்தனை மணிக்கு என்பதையும் அதே தொலைபேசியில் கேட்டுவிடலாம். முன்பின் அறியாத ஊரின் பங்கு மக்களோடு ஒரே பீடத்தைச் சூழ்ந்து நிற்பதும் பயணத்தின் சுவைகளில் ஒன்று. புறப்படும் காலையில், படுக்கை விரித்தவர்க்கும் பாத்திரம் துலக்கியவர்க்கும் கையில் ஏதேனும் கொடுங்கள். கூரத்துச் செப்பேட்டில் எழுதிய பங்கு அது.

அடகு வைத்துப் போகலாமா என்று கேட்பவர்க்கு என் விடை உறுதியானது: வேண்டாம். வட்டி கட்டும் பத்து மாதமும் அந்த மூன்று நாளைக் கசப்பாக்கிவிடும். இவ்வாண்டு பணம் போதாதென்றால் நவம்பர் முதல் மார்ச்சு வரையில் ஒரு நாள் வேடந்தாங்கலுக்குப் போய்வாருங்கள். அயல்நாட்டுப் பறவைகள் வந்து தங்கும் இடம் அது. அவையும் விடுமுறைக்கு வருபவைதாம். ஊரார் பறவைகளைக் காக்கும் உரிமையை 1798-இல் ஆட்சியர் பிளேசு எழுத்தில் தந்தார் என்பது வரலாறு. புலர்காலையில் போய்ச் சேர வேண்டும். கட்டுச்சோற்றை மட்டும் அன்றைக்குக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது வீட்டு ஆண்கள் கட்டட்டும்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட குடும்பத்துக்கு வருகிறேன். கைவளைகளை மீட்க அவர்களுக்கு ஓராண்டுக்கு மேலாயிற்று. அதன்பின் சென்ற கோடையில் ஏலகிரியில் கன்னியர் இல்லம் ஒன்றில் மூன்று நாள் தங்கினார்கள். நீச்சல் குளம் இல்லை என்று பிள்ளைகள் முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்களாம். மறுநாள் பலாமரத்தடியில் ஓர் ஊஞ்சலைக் கண்டுபிடித்த பிறகு அவர்களைப் பிடிக்க முடியவில்லையாம். பாட்டியம்மாள் தரைத்தள வராந்தாவில் அமர்ந்து, தம் சிறு வயதில் பாலாற்றில் வெள்ளம் வந்த கதையைப் பேரப்பிள்ளைகளுக்கு மூன்று மாலையும் தவணை தவணையாகச் சொல்லியிருக்கிறார். மருமகளைத் திருப்பலிக்குப் பின் ஆலய வாயிலில் கண்டு, "எப்படி இருந்தது, அம்மா?" என்று கேட்டேன். ஏரியையும் பூங்காவையும் பற்றிச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "மூன்று நாளும் சோற்றைச் சூடாக, உட்கார்ந்து சாப்பிட்டேன் சாமி" என்றார்.